தொடைச் சுற்றளவு

ஆறு வாரமாய் மூடிக் கிடந்த மாவுக்கட்டை
சின்ன ரம்பம் இரண்டாகப் பிளக்கிறது.
வெளியே மருதானைப் பக்கம் ஒரு பஸ்
விடாமல் ஹாரன் அடிக்கிறது.
ஊறிய பாணைப் போல வெளுத்த தோல்.
சன்னாசி குனிந்து பார்த்துவிட்டு
"இது என்னுது இல்ல மிஸ்" என்கிறார்.

நாலாம் குறுக்குத் தெருவில் நாட்டாமை வேலை.
வெங்காய மூட்டை, நாளைக்கு எண்பது.
முழங்காலுக்குக் கீழே முறித்தது
எண்பத்தோராவது.
வலது தொடை ஐம்பத்தொன்று.
இடது நாற்பத்து நாலு.
நம்பாமல் நாடாவை இன்னொரு முறை சுற்றினேன்.

"யாரு தின்னது?"

வெளியாள் யாரும் வரவில்லை, சன்னாசி.
தசையிழை ஒவ்வொன்றுக்குள்ளும்
கண்ணுக்குத் தெரியாத பைகள், லைசோசோம்கள்.
உள்ளே பழஞ்சோற்றுத் தண்ணீரின் புளிப்பு.
அந்தப் புளிப்பில்தான்
கதெப்சின்களுக்குப் பல் கூராகும்;
பை கிழிந்து வெளியே சிந்தினால்
பெரும்பாலும் மழுங்கிவிடும்.

நடக்கிற காலிலும் அவற்றுக்கு ஓய்வில்லை:
பழசைப் பிரிக்கும், புதுசு வந்து சேரும்.
கிடக்கிற காலில் வரவு குறையும்,
பிரிப்பது மட்டும் நிற்காது.
தடித்த இழைகளை வேறு சிலது முதலில் நறுக்க,
எங்கிருந்தோ ஒரு சவ்வு வளைந்து வந்து
துண்டுகளைப் பொட்டலம் கட்டிப்
பைக்குள் கொட்டும்.
மயோசின், ஆக்டின்,
நீங்கள் மூட்டையோடு எழுந்து நின்ற
அத்தனை காலைகளும்
அமினோ அமிலமாய் அங்கே உதிரும்.

அவர் சுவரைப் பார்த்தார்.
"கடை ஓடலேன்னா ராக்கையைக் கழட்டி
கிலோ கணக்குல விப்பாங்க. அதானே?"

அதேதான்.
நான் நாலு வருடம் படித்துப் பாஸானது.

விற்ற காசு எங்கே போனது என்று
அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்:
இரத்தத்தில் போகும், தேவைப்பட்ட இடத்துக்கு.
முறிந்த எலும்பை ஒட்டிய பசையில்
உங்கள் தொடையும் கொஞ்சம் இருக்கலாம்.
சத்தியம் பண்ண மாட்டேன். இருக்கலாம்.

முழங்காலுக்குக் கீழே, அந்த மேட்டை,
கடன்காரன் வீட்டுக் கதவைப் போல
ஒரு விரலால் தட்டிப் பார்த்தார்.
பிறகு குரலைத் தாழ்த்தி:
"இந்தத் துண்ட முதலாளி பார்ப்பாரு மிஸ்.
நாப்பத்தெட்டுன்னு போடுங்களேன்."

முழங்காலைக் கீழே அமுக்குங்க என்றேன்,
பத்து வரைக்கும் எண்ணுங்க.
எண்ணினார்,
மூட்டை எண்ணுகிற அதே குரலில்.
ஏழில் தொடை நடுங்கத் தொடங்கியது.
எட்டு.
பேனா மூடியை நான் இன்னும் கழற்றவில்லை.