ஏழாம் நம்பர் அறை

காந்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில்
எங்கள் லாட்ஜ்.
போர்டில் தமிழைவிடப் பெரிதாக வங்காள எழுத்து.
இரவு ஒன்பது முதல் ஆறு வரை என் பொறுப்பு:
சாவிகள், ஆதார் நகல்கள், கொசுவத்தி,
மேஜையின் இரண்டாம் இழுப்பறையில்
முதலாளிக்குத் தெரியாத சால்டரிங் அயர்ன்.

கட்டிக்கொண்டிருந்தது ஒரு பவர் சப்ளை.
கையில் தூக்கிக்கொண்டு போகலாம்,
வேண்டிய வோல்ட்டைத் திருகி எடுக்கலாம் என்றேன்.
"உனக்கு எத்தனை வோல்ட் வேணும்?" என்றாள் வீட்டில்.
அதற்கு இன்னும் பதில் தேடுகிறேன்.

காயலான் கடையில் செத்த லேப்டாப் பேட்டரி, நூறு ரூபாய்.
பிளந்தால் ஆறு செல்.
மூன்று பிணம்.
மற்ற மூன்றை வரிசையாகக் கோத்தேன்.
ரெகுலேட்டர் ஐசி, திருகும் குமிழ், எண் காட்டும் டிஸ்ப்ளே எல்லாம்
ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி
ஏலகிரி எக்ஸ்பிரஸில் நின்றபடியே காட்பாடி வந்தவை.
பெட்டிக்கு, மகள் பள்ளியில் நசுக்கிக் கொண்டுவந்த
எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.
துளை போட்ட சூட்டில்
என்றைக்கோ கட்டிய எலுமிச்சை சாதம் மணந்தது.

முதல் தடவை கெப்பாசிட்டரைத் தலைகீழாக வைத்தேன்.
வெடித்தது.
மாடியிலிருந்து மூன்று மொழிகளில் என்ன என்று கேட்டார்கள்.
ட்யூப்லைட் என்றேன்.

கத்திரி வெயிலில் இந்த ஊரில்
ஹீட் சிங்க்குக்கே ஒரு ஹீட் சிங்க் வேண்டும்.
ஆகவே ஐசியை டப்பாவோடு நேராகத் திருகி முடுக்கினேன்,
எவர்சில்வரே சூட்டை வாங்கிக்கொள்ளட்டும் என்று.

ஏழாம் நம்பர், சுபீர் மண்டல், ஊர் பாலூர்காட்.
மனைவிக்குக் கழுத்தில் ஆபரேஷன்,
தேதி இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது.
என்னைவிடப் பத்து வயது சின்னவன், தூங்காமல் இறங்கி வருவான்.
அவனுக்குத் தமிழில் தெரிந்தது
தண்ணி, எவ்ளோ, நாளைக்கு.
எனக்கு வங்காளியில் அதுகூட இல்லை.

அன்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
மீட்டரின் கறுப்பு முனையை மைனஸில் வைத்தான்,
சிவப்பை டப்பா மூடியில்.
ஐந்து வோல்ட்.
ஐசியின் முதுகும் நடுக்காலும் ஒன்றே என்பது
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
மேஜையெல்லாம் சாவி.
ஒன்று குறுக்கே விழுந்தால் போதும்.

மாடிக்குப் போய் ஒரு பழைய எக்ஸ்ரேயோடு வந்தான்.
ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்தது,
இங்கே யாரும் அதைப் பார்க்கவில்லை,
புதிதாக எடுத்துவிட்டார்கள்.
பெயர் இருந்த மூலையை விட்டு
கீழ் மூலையில் ஒரு தபால்தலை அளவு வெட்டினான்.
ஐசிக்கும் எவர்சில்வருக்கும் நடுவே அதை வைத்தோம்.
திருகாணிக்கு உறையாக ரீஃபில் துண்டு.
மூடியில் இப்போது ஒன்றுமில்லை. சுத்தமாகப் பூஜ்யம்.

பிறகு குமிழை அவனிடம் விட்டேன்.
மேலே பத்தே கால் வரை போனான்.
கீழே ஒன்றே கால்.
இன்னும் திருகினான். ஒன்றே கால்.
"ஜீரோ?"
வராது என்று கையை விரித்தேன்.
அதன் சுபாவம் அப்படி,
எவ்வளவு இறக்கினாலும் அவ்வளவு மிச்சம் வைக்கும்.
அவன் டிஸ்ப்ளேயையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"நாளைக்கு" என்றான்.
எதைச் சொன்னான் என்று தெரியவில்லை.

பதினொரு நாள் கழித்து விடிகாலை நாலுக்கு
காட்பாடிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.
அவள் முதலில் ஏறினாள், கழுத்தைச் சுற்றித் துணி.
சாவியை அவன் டப்பாவின் மேலேயே வைத்தான்,
வேண்டுமென்றே,
ஒன்றும் ஆகவில்லை என்று காட்ட.

ஏழில் இப்போது திரிபுராக்காரர்கள்.
அதிகமாக இழுத்தால் மூடி சுடுகிறது,
ஃபிலிம் ஓரம் கொஞ்சம் நெளிந்திருக்கிறது, பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.
டார்ச் அடித்துப் பார்த்தால்
கறுப்புக்குள் சாம்பல் நிறமாக
ஏதோ ஒரு விலா எலும்பின் நுனி.