இடது கை விசில்

வேர்க்கோட்டுத் திடலில் வெள்ளைத் துணி.
தமிழ் பேசும் குங்ஃபூ படம்.
கச்சான் அடிக்க, நாயகன் முகம்
வள்ளத்துப் பாய் போல உப்பிச் சுருங்குகிறது.

பன்னிரண்டாவது ஆளின் மணிக்கட்டை
முறிக்கிறான். மளுக்கென்று சத்தம்.
திடலே எழுந்து ஆடுகிறது.

அப்படியெல்லாம் கேட்காது.
கடலட்டைக் கணக்கில் நான் முறித்தபோது
ஈரமணலில் சிப்பியை மிதித்த அளவுதான்.
மீதிச் சத்தம் அவன் தொண்டையில் இருந்தது,
வெளியே வரவில்லை.

படத்தில், கொன்றவன் மழையில் நின்று அழுகிறான்.
எனக்கு அன்றைக்கு மழை இல்லை.
பாம்பன் போய்ப் பரோட்டா தின்றேன்.
நல்ல பசி.

இரண்டு வரிசை முன்னால் இன்னாசி.
கட்டுப்போட்ட வலதை மடியில் கிடத்தி
இடது கை விரலை வாயில் விட்டு
விசிலடிக்கிறான்,
அடிக்கிறவனுக்கு.