மூணாம் நம்பர் வால்வு

கடிதத்தில் ஒரே வரி:
"மூணாம் நம்பர் வால்வு கடிக்குது."
கீழே தண்ணீர்க் கமிட்டித் தலைவி
தனலெட்சுமியின் கையெழுத்து,
கிளென்டோர்ன் தோட்டம், கீழ் டிவிசன்.

நோர்ட்டன் பிரிட்ஜில் ஆட்டோ பிடித்து
மீட்டர்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
வால்வுக்குச் சாக்கு சுற்றியிருந்தார்கள்.
திறப்பவர் கைக்கென்று
ஒரு ரப்பர் செருப்பு, கம்பியில் கட்டித் தொங்கியது.

"முனி ஏறிட்டான்னு கோழி அறுத்தோம்.
கோழியத் தின்ன பொறவும் கடிக்குது."
சொன்னவர் சிரிக்கவில்லை.
எனக்கும் சிரிக்க வரவில்லை,
அதற்குள் சாக்கின் ஈரத்தில் விரல் பட்டுவிட்டது.

மேலே கொழுந்துக்கு நடுவே
காலை அகட்டி நிற்கிறது கோபுரம்,
ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் வோல்ட்.
மழைக்கு அதன் கம்பிகள் உறுமும்.
நான்கு காலிலிருந்தும் பட்டைகள்
மண்ணுக்குள் இறங்குகின்றன.
இரண்டு முழம் தள்ளி, அதே மண்ணில்,
பீலிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் இரும்புக் குழாய்.
எட்டு வருஷத்துக்கு முன்
இந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில்
யாரும் வரையவில்லை.

மயில்துத்தக் கரைசல் நிறைந்த குப்பியை
மண்ணில் ஊன்றினேன். மரமூக்கு கசிந்து
ஒரு நீலச் சொட்டு.
"இது கொப்புள நோய்க்கு அடிக்கிற மருந்துதானே?"
என்றார் தனலெட்சுமி.
கிட்டத்தட்ட அதுதான், என்றேன்.
பத்தொன்பது வோல்ட் காட்டியது.

கோபுரத்தடியில் தோண்டிப் பார்த்தோம்:
குழாய் புதுசு போல, தார்ப்பூச்சு பளபளவென்று.
கரண்டுக்கு ஏறிய இடம் நினைவிருப்பதில்லை.
இறங்கும் இடத்தில்தான் அது
இரும்பைக் கேட்கிறது.

இறங்கிய இடம் முந்நூறு மீற்றர் கீழே,
ஓடை குறுக்கிடும் சேற்றில்.
பூச்சில் ஆணி பட்ட அளவு காயம்.
அதன்மேல் கொழுக்கட்டை போல் ஒரு துருக்கட்டி.
சுத்தியலால் மெல்லத் தட்டினேன்.
ஊசி போல் பீய்ச்சி
என் கண்ணாடியில் அடித்தது தண்ணீர்.
கொழுந்து நிறுக்க வந்த பெண்கள்
அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்கள்.

மின்சாரசபை எக்கநாயக்காவுக்கு
அங்கிருந்தே கோல் எடுத்தேன். நல்ல மனிதர்.
"மண்ணைத் தொடும்வரைதான் அது எங்கள் கரண்ட்"
என்றார். தோட்ட ஆபிசில்,
"குழாய் கமிட்டியுடையது" என்றார்கள்.
கமிட்டியென்றால்
தனலெட்சுமி, ஒரு கணக்குக் கொப்பி,
வீட்டுக்கு நூற்றைம்பது ரூபாய்.

ஓட்டைக்கு ரப்பர் வைத்து வளையம் முடுக்கினேன்.
வால்வடியில் முழங்கால் ஆழத்துக்கு வெட்டி
துத்தநாக நாடாவைப் பாய் போல் சுற்றிப் பரப்பி
குழாயோடு பற்றவைத்தோம்.
வெல்டர் பிச்சமுத்துவுக்கு அரைநாள் சம்பளம்,
என் பையிலிருந்து. ஆபிசில் கேட்டுக்கொள்ளலாம்.

மண்ணை மூடும்போது கேட்டார்:
"ஆயிரத்து நானூறு ரூவா பாக்கின்னு
போன மாசம் எங்க வீட்டு லைனை வெட்டினாங்க.
இந்தக் கொழாயில ஓடினதுக்கு
பில்லு யாருக்கு சேர்?"

என் படிவத்தில் மண்ணின் தடை,
குழாயின் விட்டம், அன்றைய வானிலை
எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.
வானிலையை நிரப்பினேன்: தூறல்.

மீட்டர் இரண்டரைக்கு வந்தது.
தனலெட்சுமி சாக்கை உரித்து
புறங்கையால் வால்வைத் தொட்டார்,
மறுபடி தொட்டார்,
பிறகு முழுக்கையால் பிடித்துத் திருப்பினார்.
கீழே பீலியில் யாரோ கூவினார்கள்.

செருப்பை மட்டும்
அவிழ்க்கவில்லை.