இழுகம்பி

மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும்
தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும்
பெயரிட்டவர்கள்
இந்தத் தீவுக்கு வந்ததில்லை.
டியெர்ரா தெல் ஃபுவேகோவில், போர்வெனிருக்கு வெளியே,
காற்றுக்குப் பெயரே கிடையாது.
"இருக்கிறது" என்பார்கள்.
"இன்று கொஞ்சம் கூட இருக்கிறது" என்பார்கள்.

செவ்வாய் இரவு கொஞ்சம் கூட இருந்தது.
காலையில் டிஷ்
கோழிக்கூண்டின் மேல் கவிழ்ந்து கிடந்தது,
உள்ளே நாலு கோழிகள்
இரவு இன்னும் முடியவில்லை என்று நம்பிக்கொண்டு.

யெர்கா போன் செய்தாள். பழுதுபார்க்கும் பாரியா
நீரிணைக்கு அக்கரையில் இருக்கிறான்.
படகு விட்டால் வருவேன் என்றான்.
காற்று நின்றால்தான் படகு விடுவார்கள்.
காற்று நின்றுவிட்டால் நீ எதற்கு என்று
இவள் கேட்கவில்லை. வைத்துவிட்டாள்.

அக்காவிடம் பேசிப் பதினான்கு நாள்.
கிடாவை விற்றது வின்கா,
கேட்காமல் விற்றது,
அதிலும் மிமிட்சாவிடம் விற்றது.
(அந்தக் குடும்பத்தோடு உள்ள வழக்கு வேறு.)
ஒரே அடுப்பு, ஒரே கெண்டி, இரண்டு மௌனம்.

விளிம்பு நெளிந்திருந்தது. மணல்மூட்டை மேல்
குப்புறப் போட்டு, மரக்கட்டை வைத்து,
ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தாள்.
யூ-போல்ட் துருவேறி பிஸ்கட்டாய் உதிர்ந்தது.
டிராக்டரின் சைலன்சரிலிருந்து ஒன்றைக் கழற்றினாள்.
டிராக்டர் இனி இருமிக்கொண்டே ஓடட்டும்.

கூரையில் வேண்டாம், தாழ இரு என்று
தொழுவத்தின் கிழக்குச் சுவரோரம் குழி.
தார் டிரம்மில் பாதி சிமெண்ட், நடுவில் புதுக் கம்பம்.
இவ்வளவு தெற்கில் செயற்கைக்கோள்
வடக்கே தாழத்தான் நிற்கும்;
ஆகவே டிஷ்ஷும் அண்ணாந்து பார்ப்பதில்லை,
பாய்போல நிமிர்ந்து நிற்கிறது.
பாயைக் கண்டால் என்ன செய்வதென்று
காற்றுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
மூன்று பக்கமும் வேலிக்கம்பி இழுத்து
முறுக்காணி போட்டு,
விரலால் தட்டினால் ஒலிக்கும்வரை முறுக்கினாள்.

நாலு நாள் காத்திருந்தாள். சிமெண்ட் இறுகியது.
வீட்டுக்குள்ளும் அப்படியே.

திருப்ப ஓர் ஆள் வெளியே,
திரையைப் பார்க்க ஓர் ஆள் உள்ளே.
இது மட்டும் ஒருத்தியால் ஆகாது.
கூப்பிடவும் இல்லை, கேட்கவும் இல்லை;
வின்கா தானாகவே டிவி முன் முக்காலியைப் போட்டாள்.
கத்தினால் சொல் வாசலோடு பறந்துவிடும்,
கடலில் போய் விழும்.
ஆகவே சமையலறை ஜன்னல். திரைச்சீலை.
திறந்தால், இன்னும்.
படபடத்தால், போய்விட்டது, பின்னால் வா.

ஒரு விரற்கடை. திறந்தது.
அரை. திறந்தது.
எள்ளளவு. படபடத்தது.
பின்னால், எள்ளில் பாதி.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஜன்னலே திறந்து வின்காவின் தலை,
முடியெல்லாம் கிழக்கே ஓட:
"தொடாதே! அப்படியே விடு!"
பதினெட்டு நாளுக்குப் பின் முதல் பேச்சு.
திட்டுவதுபோல் இருந்தது. திட்டேதான்.

திரையில் வானிலைக்காரி
தீவின் மேல் அம்புகளாய் நட்டுக்கொண்டிருந்தாள்.
நாளை மறுநாள், மணிக்கு நூற்றுப் பத்து.
"இதைக் கேட்கவா இவ்வளவு பாடு" என்றாள் யெர்கா.
வின்கா சிரிக்கவில்லை.
கெண்டியை மட்டும் இந்தப் பக்கம் தள்ளினாள்.
கிடா இன்னும் மிமிட்சாவிடம்தான்.

மாலையில் வின்கா வெளியே போய்
கம்பத்தையும் வளையத்தையும் சேர்த்து
நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டாள்.
அடுத்த முறை காற்று திருப்பிவிட்டால்
கோட்டோடு கோட்டைச் சேர்த்தால் போதும்,
ஓர் ஆளே செய்துவிடலாம்.
கெட்டிக்காரத்தனம்தான்.

மறுநாள் யெர்கா
துருக்காப்புப் பெயிண்ட் டப்பாவோடு போனாள்.
அடியிலிருந்து தொடங்கி
கம்பம் முழுக்கப் பூசினாள், இரண்டு தடவை.
கோட்டின் மேலும்.
"உப்புக்காற்று" என்றாள்,
யாரும் கேட்காமலே.