எட்டு

ஷூ ஜெபஸ்டினுடையது. எட்டாம் நம்பர்.
என் கால் ஆறு.
முன்னால் மிஞ்சிய இடத்தில்
பழைய பேப்பரைக் கசக்கி அடைத்துக்கொண்டு
சேலம் ஆர்.டி.ஓ. மைதானத்தில் வரிசையில் நின்றேன்.
வயது பதினெட்டு. மேலே நாற்பத்தொரு நாள்.

"எட்டு போடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

போடுகிறேன் சார்.
இருபது கொண்டை ஊசி வளைவையும்
குட்டியானையில் இறக்கியிருக்கிறேன்,
லீ பஜாருக்கு மிளகு மூட்டையோடு,
பேரிக்காய்க் கூடையோடு, ஒருமுறை
யாருடைய கல்யாணத்துக்கோ போன
நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளோடு.
இதையெல்லாம் சொல்ல முடியாது.
சொன்னால் கேஸ்.

அம்மாவுக்கு இடுப்பு விழுந்த வருஷம் அது.
டிரைவர் கேட்ட கூலிக்கு
இரண்டு நாள் டீசல் போடலாம்.
முதல் வாரமே பதிமூன்றாம் வளைவில்
செருப்பு பிரேக்குக்கு அடியில் போய்ச் சிக்கியது.
எப்படி நிறுத்தினேன் என்று இன்றுவரை தெரியாது.
இறங்கி, இரண்டையும் பள்ளத்தில் எறிந்தேன்.

அதற்கப்புறம் வெறுங்கால்தான்.
பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு எட்டிப்பார்க்கும்.
கிளட்ச் பிடிக்கிற இடம்
உள்ளங்காலுக்கு அடியில் ஒரு மிளகு உருளுகிற மாதிரி.
அங்கே நிறுத்திவைத்தால்
ஏற்றத்தில்கூட வண்டி பின்னால் போகாது.

சித்தி மகள் பெனில்டா ஆக்லாந்திலிருந்து பேசுவாள்.
அங்கே பதினாறு ஆனால் எல்.எல்.ஆர். தருவார்களாம்.
ஜெர்மனியில் பதினேழு, பக்கத்தில் பெரியவர் யாராவது உட்காரணுமாம்.
அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தில் பதினாலேயாம்.
"வெறுங்காலோட ஓட்டலாமாடி?"
"கடைக்கே வெறுங்காலோட வருவாங்க.
யாரும் ஏழைன்னு நெனைக்க மாட்டாங்க."
ஓட்டலாமா கூடாதா என்று அவள் சொல்லவேயில்லை.
நானும் திரும்பக் கேட்கவில்லை.

அடிவாரம் செக்போஸ்ட்டில் ஒரு ராத்திரி டார்ச் அடித்தார்கள்.
வெளிச்சம் முகத்துக்கு வரவில்லை,
நேராகக் காலுக்குப் போனது.
"செருப்பு எங்கே?"
"அறுந்துபோச்சு சார்."
"பாத்து. முள்ளு கிள்ளு குத்தப்போகுது."
அவ்வளவுதான்.
காப்பிப் பழம் பறிக்கப் போனபோதும் இப்படித்தான்.
செருப்பில்லாதவளிடம் யாரும் வயது கேட்பதில்லை.

ஒன்பதாம் வளைவில் மட்டும் நான் ஹாரன் அடிப்பதில்லை.
டெல்வின் என்னோடு பதினொன்றாவது படித்தான்.
நன்றாக ஓட்டுவான், என்னைவிட நன்றாக.
பைக் அவன் அண்ணனுடையது. ஷூ புதுசு.
ஒற்றை ஷூ மட்டும் ரோட்டில் நேராக நின்றிருந்தது,
யாரோ கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன மாதிரி.
அவன் விஷயத்தில் சட்டம் சொன்னது சரி.
என் விஷயத்தில்
இன்னும் எதுவும் நடக்கவில்லை.

இன்றைக்குத்தான் வயது கேட்டார்கள்.
ஆதாரை வாங்கி, முகத்தைப் பார்த்து,
மறுபடி ஆதாரைப் பார்த்தார்கள்.

கிளட்சை மிதித்தேன். கீழே பஞ்சு.
பேப்பர் நசுங்குகிற சத்தம் மட்டும் மேலே வந்தது.
முதல் வட்டத்திலேயே வண்டி இருமி நின்றது.
திரும்ப எடுத்தேன்.
எட்டுக்கு ஓர் இடுப்பு இருக்குமே,
அங்கே வந்து செத்தது.

"பழகிட்டு வாம்மா.
சின்ன வயசுதானே, என்ன அவசரம்?"
கோபமே இல்லை அவருக்கு.

திரும்பும்போது ஜெபஸ்டின் ஓட்டினான்.
லைசென்ஸ் அவனுடையது, இப்போது ஷூவும்.
கசங்கிய பேப்பரைப் பிரித்து மடியில் வைத்திருந்தேன்.
வாழைத்தார் ஏலம், காணாமல் போன ஒரு நாய்.

பதினேழாம் வளைவில் கியர் மாற்ற லேட் பண்ணினான்.
வண்டி முனகியது.
என் இடதுகால் தானாக நீண்டு
பெடல் எதுவும் இல்லாத தகரத்தில்
அந்த மிளகைத் தேடியது.
தகரம் நல்ல சூடு.