முதுகுச் சாய்வு

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஹாலிடே பட்டறை.
ஐந்து நாற்காலிக்கு ஆர்டர் வந்தது,
புளூம்ஃபொன்டெய்ன் மேல்முறையீட்டு மன்றத்துக்கு.
மாதிரிக்கென்று பழையது ஒன்றையும்
சாக்கில் சுற்றி ரயிலில் அனுப்பியிருந்தார்கள்.

பிரித்துப் பார்த்தேன். பச்சைத் தோல்.
வலது பக்கம் மட்டும் குதிரை முடி
அமுங்கிக் கிடந்தது.
இருபது வருடம் ஒருவர்
ஒரே கையை ஊன்றி ஒரே பக்கமாய்
வாதங்களைக் கேட்டிருக்கிறார்.
தீர்ப்புப் புத்தகங்களில் அது ஏறியிருக்காது.
மெத்தையில் ஏறியிருந்தது.

"இதே மாதிரி ஐந்து," என்றார் ஹாலிடே.
"இந்த அமுங்கலும் சேர்த்தா?"
அவர் சிரிக்கவில்லை.
"அது தானாக வரும், சிங்காரம். நீ ஆணியை அடி."

எங்களுக்குத் தோல் அனுப்புகிறவன்
கேப் டவுன் பெர்சி செப்டம்பர்.
மாதத்தின் பெயர்தான்;
அவன் பாட்டனின் பாட்டனை யாரோ
கப்பலிலிருந்து இறக்கி வாங்கிய மாதம்.
அவனுக்கு ஓட்டு இருந்தது.
எனக்கு இல்லை. என் அப்பாவுக்கும் இல்லை.
அதைப் பற்றி நாங்கள் எழுதிக்கொண்டதில்லை.
தோல் விலை, மழை, இருமல்,
இவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் இறக்கினோம்.
ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியன் இரவு தங்கக் கூடாது.
பொழுது சாய்வதற்குள்
பழையதோடு புதியதை வரிசையில் சேர்த்து
ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.
குமிழி நட்டநடுவில் நின்றது.
சேவகன் ஃபூரி குனிந்து கேட்டான்:
"எல்லாம் நேராக இருக்கிறதா?"
"நாற்காலி நேர்தான், ஐயா."

வான் ரீனன் கணவாய் தாண்டி
நேட்டாலுக்குள் வந்த பிறகுதான்
லாரியை ஓரங்கட்டிக் கண்ணயர்ந்தோம்.

தீர்ப்பு மறுவருடம்.
செப்டம்பரின் ஓட்டு போயிற்று.
பத்துப் பேர் ஒரு பக்கம், ஒருவர் மட்டும் தனியே.
அந்த ஒருவர் உட்கார்ந்தது
பழைய நாற்காலியா, நான் செய்ததா?
பேப்பரில் அதைப் போடவில்லை.

முன்பு இதே ஓட்டைப் பறிக்க வந்தபோது
பழையவர்கள் செல்லாது என்றார்கள்.
அன்று பட்டறை முழுக்க டீ வாங்கிக்கொடுத்து
"பார்த்தாயா, சட்டம்!" என்றேன்.
இன்று "அரசியல்" என்கிறேன்.
அதே ஷரத்து.
ஒரு கால்புள்ளிகூட நகரவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் கேட்டுக்கொண்டேன்:
என் பக்கம் சாய்ந்தால் நேர்,
எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கோணலா?
மட்டம் பிடிக்கிற கையும்
ஒருவனுடைய கைதானே.

இருந்தும்,
பழையவர்கள் கேள்வி வருமுன்பே
உட்கார்ந்திருந்தவர்கள்.
கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு
இவர்களுக்கு அளவெடுத்தார்கள்.
அளவெடுப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

பெர்சியின் கடிதத்தில் இந்த முறை
விலை இல்லை, மழை இல்லை.
"ஒரே ஓர் ஆணியையாவது
தளர்வாய் விட்டாயா, சிங்காரம்?"

மூன்று நாள் பதில் எழுதவில்லை.
அந்தத் தோல் அவன் பதனிட்டது என்பதை
எழுதிவிட்டு அடித்தேன்.
பிறகு எழுதினேன்:
இல்லை. கூலி வாங்கியிருந்தேன்.
நாற்காலிக்கு நூற்றுப் பன்னிரண்டு பித்தளை ஆணி,
விரல் வைத்து எண்ணி அடித்தது.
ஐம்பது வருடத்துக்கு ஆடாது.