எஃப் விசையில் ஒரு மேடு

ஜெர்மன்காரன் யாரோ தட்டித் தட்டித் தேய்த்தது.
எம்.சி. ரோட்டுப் பின்சந்தில்
முயீன் ஒன்பதாயிரம் சொன்னான்.
"லைட்டு எரியிற போர்டுக்கா,
ஆயிரம் அதுக்கே போச்சு."
கடை விளக்கை அணைத்துக் காட்டினான்.
எழுத்தெல்லாம் அடியிலிருந்து மேலே வந்தன.
எட்டாயிரத்து எழுநூறுக்கு முடித்தேன்.

எபனேசர் அன்றைக்கே கேட்டார்:
"நீதான் பாக்காமயே அடிக்கிறியே,
அப்புறம் லைட்டு இன்னாத்துக்கு?"

நியாயம்தான்.
எரிகிற எழுத்து எதுவும்
நான் அடிக்கிற எழுத்து இல்லை.
தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓ ஒன்று மினுங்கும்,
தட்டினால் ந விழும்.
ஒரு சின்னக் கோடு போட்ட மூலையில்,
சுண்டுவிரல் எக்கிப் பிடிக்கிற இடத்தில், ழ.
உயிரெல்லாம் இடது கைக்கு.
வ, ங தவிர மெய்யெல்லாம் வலது கைக்கு.

இறால் என்று அடிக்க ஐந்து தட்டு:
இடம், வலம், இடம், வலம், இடம்.
உரிக்கிற தாளமும் அதேதான்,
தலை, கால், ஓடு, நரம்பு, தொட்டி.

காலையில் காசிமேட்டு ஷெட்டில் ஐஸ் தின்ற விரல்
ராத்திரி ஒன்பதுக்கு மேல் இதில் இறங்கும்.
ஒவ்வொரு விசையும் நடுவில் கொஞ்சம் குழிந்திருக்கிறது
விரல் நுனி உட்கார.
யாரோ உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள்,
எவ்வளவு ஆழம் போனால்
விரலுக்கு ஆச்சு என்று தெரியுமென்று.
இறால் மேஜையை யாரும் அளந்ததில்லை.
நான்தான் இரண்டு செங்கல் போட்டு
அதன்மேல் ஏறி நிற்கிறேன்.

வேலை இதுதான்:
கொரியாக்காரி அழுவாள்,
நான் கீழே தமிழ் போடுவேன்.
வரிக்கு நாற்பது எழுத்து.
புள்ளியையும் தனி எழுத்தாக எண்ணும் கம்பெனி.
பள்ளிக்கூடத்தில் மெய்க்கு அரை மாத்திரை என்றார்கள்,
இவர்கள் கணக்கில் க் என்றால் இரண்டு.
அதனால் அவள் 'போய்விட்டான்' என்பதில்லை,
'போனான்' என்கிறாள்.
ஆறு மிச்சம்.

திரையை அடியோடு மங்கலாக்கிவிடுவேன்,
வெளிச்சம் பட்டால் ஷாலோம் புரளுவான்,
இருப்பது ஒரே அறை.
மிச்சம் இந்த அடிவெள்ளைதான்.
எழுத்து வழியாக வருவதைவிட
விசைகளின் ஓரத்து இடுக்கில்தான் நிறையக் கசிகிறது.
"அது மட்ட டிசைனுக்கா" என்றிருந்தான் முயீன்.

எபனேசருக்கு நான் பதில் சொல்லவில்லை.
அந்தக் கசிவில் என் கை தெரிகிறது.
வாடை போகத் தேய்த்த எலுமிச்சை நகக்கண்ணில்,
இறால் கொம்பு குத்திய கறுப்புகள் பெருவிரலில்.
ஷெட்டின் ட்யூப் லைட்டில் அது கை இல்லை,
கிலோவுக்கு இவ்வளவு.
இங்கே வேறு யாருடையதோ போல
வந்து வந்து போகிறது,
பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பதினைந்து நொடி தட்டாவிட்டால் தானே அணையும்.
யோசித்தால் இருட்டு.

நேற்று ஒரு இடத்தில் நின்றுவிட்டேன்.
கொரியாக்காரி பேசவில்லை.
கதவைத் திறக்கிறாள்,
வாசலில் கிடக்கும் ஒற்றை ஜோடிச் செருப்பைப் பார்க்கிறாள்,
மூச்சு விடுகிறாள்.
மூச்சுக்கு எழுத்து போடுவதா, வேண்டாமா.
அணைந்தது.
ஜன்னலில் மணலிப் பக்கத்துச் சுடர் மட்டும்.
அதை யாரும் தட்ட வேண்டியதில்லை,
எரிந்தால் மறுநாள் தொண்டை சொல்லும்.

இடது ஆள்காட்டி விரல் தானாகப் போய் நின்றது,
எஃப் விசையின் நெல்லளவு மேட்டில்.
கண்ணை நம்பாதவர்களுக்கு வைத்த மேடு.
ஜெர்மன்காரனுக்கு அது எஃப்.
எனக்கு அதுதான் புள்ளி.
அழுத்தினேன்.
முன்னால் எழுத்து ஒன்றும் இல்லாததால்
விட்டுவிட்டு வரைந்த வட்டம் ஒன்று வந்து
தலையில் புள்ளியோடு நின்றது,
உள்ளே யாராவது வரட்டும் என்பதுபோல.
விளக்கும் வந்தது.
கை இரண்டும் வந்தன.

கொஞ்ச நேரம் கழித்து வட்டத்தை அழித்தேன்.
மூச்சை அப்படியே விட்டுவிட்டேன்,
நாற்பதும் காலியாக.